பில்லில் 'அசெம்பிள்டு சிபியு', வாயில் 'மேக்': 92,000 ரூபாய் கொடுத்து நான் வாங்கிய டப்பா

கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர்கள் யாராவது "பாதி விலையில் மேக் செட்" என்ற விளம்பரத்தைப் பார்த்துவிட்டுக் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தால், பத்து நிமிடம் உட்கார்ந்து இதைப் படித்துவிட்டுப் போங்கள். நான் வாங்கியது ஆப்பிளின் மேக் இல்லை, அதன் மேக் ஓஎஸை ஏமாற்றி ஏற்றிய சாதாரண அசெம்பிள்டு கம்ப்யூட்டர். ஹேக்கின்டாஷ் என்பார்கள். கடையின் பெயரைப் போட மாட்டேன். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, பின்னால் வருகிறது. ஊர் கோயம்புத்தூர். நான் பொள்ளாச்சிப் பக்கம் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன்.

2023 மார்ச். என்னுடைய பழைய விண்டோஸ் சிஸ்டத்தில் நான்கு 4கே கிளிப்பை அடுக்கினாலே டைம்லைன் நொண்டும். கூடத் தொழில் செய்கிற நண்பர் ஒருவர் ஆப்பிளின் எடிட்டிங் சாஃப்ட்வேரான ஃபைனல் கட் ப்ரோவுக்கு மாறி, நான் இரண்டு நாள் இழுக்கிற வேலையை ஒரே ராத்திரியில் முடித்துக்கொண்டிருந்தார். ஃபைனல் கட் அப்போது மேக்கில் மட்டும்தான் ஓடியது. மேக் என்றால் லட்சக்கணக்கில் ஆகும் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். ஒரு கடையில் ஏறி விலை கேட்கவில்லை. இந்த முட்டாள்தனத்தின் கணக்கைக் கீழே தருகிறேன்.

கடையில் கண்ணாடிக் கேபினெட், உள்ளே கலர் கலராக லைட், எதிரே மானிட்டரில் ஆப்பிள் மெனு. கடைக்காரப் பையன் நல்ல பேச்சுக்காரன். "அதே ஆப்பிள்தாங்ணா. பாடி மட்டுந்தான் நம்முளுது. உள்ள இருக்கற சாமானெல்லாம் அவன் போடறதுதான்." நம்பிக்கை வர வேண்டும் என்று மேல் மூலையில் இருந்த ஆப்பிள் சின்னத்தை அழுத்தி 'இந்த மேக்கைப் பற்றி' என்ற பெட்டியைத் திறந்து காட்டினான். ஐமேக், ரெட்டினா 5கே, 27 அங்குலம், 2019 என்று அழகாக எழுதியிருந்தது. நானும் தலையை ஆட்டினேன்.

அந்த வாசகத்தை நான் படித்தது 22 அங்குல மானிட்டரில். கீழே வேறொரு கம்பெனியின் பெயர் வேறு ஒட்டியிருந்தது. ஐமேக் என்பது திரையும் கம்ப்யூட்டரும் ஒரே உடம்பாக வருகிற சாமான். தனியாக ஒரு டவரை வைத்துக்கொண்டு "நான் 27 அங்குல ஐமேக்" என்று அது சொல்கிறது, ஃபிரேம் பார்த்தே பிழைப்பு நடத்துகிற நான் அதைக் கவனிக்கவில்லை. இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

இன்டெல் ஐ7 ஒன்பதாம் தலைமுறை பிராசஸர், 32 ஜிபி ராம், ஆர்எக்ஸ் 580 கிராஃபிக்ஸ் கார்டு. எல்லாம் செகண்ட் ஹேண்ட். 92,000 ரூபாய். ஃபைனல் கட்டும் போட்டே கொடுத்தார்கள்.

நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால், ஆறு மாதம் அது ராஜா மாதிரி ஓடியது. பங்குனி முடிந்து சித்திரை, வைகாசி, ஆனி என்று முகூர்த்தம் முகூர்த்தமாக அதில் எடிட் செய்து கொடுத்திருக்கிறேன். ஒரே ஒரு உறுத்தல்தான். ஃபைனல் கட்டுக்கு அப்டேட் வந்தபோது பாஸ்வேர்டு கேட்டது. மேலே இருந்த ஆப்பிள் ஐடி என்னுடையது இல்லை, கடையினுடையது. போன் செய்து கேட்டதற்கு, "அதெல்லாம் போட வேண்டாங்ணா, இதே போதும்" என்றார்கள். சரி என்று விட்டுவிட்டேன்.

புரட்டாசி வந்தது. எங்கள் தொழிலில் அது கைகட்டி உட்காருகிற மாதம். ஆவணியில் எடுத்த இரண்டு கல்யாணம் எடிட்டில் இருந்தது. அந்தச் சமயம் பார்த்து மேக் ஓஎஸின் புதிய பதிப்பான சோனோமா வெளியானது, 2023 செப்டம்பர் 26. மூலையில் தினமும் ஒரு பெட்டி எட்டிப் பார்த்து அப்டேட் போடச் சொல்லியது. ஒரு ராத்திரி போட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் எழுந்து பார்த்தால் கறுப்புத் திரை, நடுவில் ஆப்பிள் சின்னம், அதற்குக் கீழே பாதி தூரம் வந்து நின்றுபோன வெள்ளைக் கோடு. அணைத்துப் போட்டேன். அதே இடம். மதியம் வரைக்கும் அதே இடம்.

கடைக்குப் போன் செய்தேன். முதல் கேள்வியே, "யாருங்ணா உங்களை அப்டேட் போடச் சொன்னது?" விற்கிற அன்றைக்கு இதைச் சொல்ல ஒரு வாய் இருந்ததா இல்லையா? திரும்ப இன்ஸ்டால் செய்ய 4,500 ரூபாயாம், உள்ளே இருப்பதெல்லாம் போய்விடுமாம், அதற்கு அவர்கள் பொறுப்பில்லையாம்.

ஆவணிக் கல்யாணத்தில் ஒன்றுக்குத்தான் தனியாக பேக்கப் இருந்தது. இன்னொன்றின் கேமரா மெமரி கார்டுகளை அழித்து அடுத்த விசேஷத்துக்குக் கொண்டுபோய்விட்டேன். அது என் தப்பு, மறைக்கவில்லை. ஃபைல்கள் இருந்த டிஸ்க்கான எஸ்எஸ்டியைக் கழற்றிப் பழைய விண்டோஸ் சிஸ்டத்தில் செருகினேன். ஒரு பெட்டி வந்தது: இந்த டிரைவைப் பயன்படுத்த வேண்டுமானால் முதலில் ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யட்டுமா? விரல் மவுஸ் மேல் இருக்கிறது. மூன்று நாள் கல்யாணம். நலங்கு, சீர், முகூர்த்தம், அந்தப் பெண்ணின் பாட்டி ஆசீர்வாதம் பண்ணுகிற காட்சி. ஆறு மாதமாகக் கம்ப்யூட்டர் கேட்பதற்கெல்லாம் 'சரி' அழுத்திப் பழகிய விரல் அது. எப்படியோ அன்றைக்கு 'வேண்டாம்' அழுத்தியது. மேக் தன் டிஸ்க்குகளை ஏபிஎஃப்எஸ் என்ற முறையில் எழுதுகிறது, விண்டோஸுக்கு அதைப் படிக்கத் தெரியாது, அதனால்தான் காலி டிஸ்க் மாதிரி பேசுகிறது என்பதெல்லாம் அப்புறம் தெரிந்தது. உங்களுக்கு இந்தப் பெட்டி எப்போது வந்தாலும் 'சரி' அழுத்தாதீர்கள்.

என் அக்கா பையனின் கிளாஸ்மேட் ஒருவன், இன்ஜினியரிங் இரண்டாம் வருடம், ஞாயிற்றுக்கிழமை பையில் ஒரு பென் டிரைவோடு வந்தான். சிஸ்டத்தை ஆன் செய்தான். முதலில் மதர்போர்டு கம்பெனியின் லோகோ வந்து போயிற்று. என்னைத் திரும்பிப் பார்த்தான். "அண்ணா, இது ஹேக்கின்டாஷ்ங்ணா. தெரியுமில்ல?" அந்த வார்த்தையையே அன்றைக்குத்தான் கேள்விப்படுகிறேன்.

அவன் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். மண்டபத்தில் பெண் வீட்டாரிடம் மாப்பிள்ளை வீட்டு ஆள் என்றும், மாப்பிள்ளை வீட்டாரிடம் பெண் வீட்டு ஆள் என்றும் சொல்லிப் பந்தியில் உட்காருகிறவரைப் பார்த்திருப்பீர்கள். இந்த டப்பாவும் அதேதான். மேக் ஓஎஸ் எழும்போது, தான் இருப்பது ஆப்பிள் மெஷின்தானா என்று பார்க்கும். ஆப்பிளின் இன்டெல் கம்ப்யூட்டர்களில் மின்சாரம், ஃபேன் எல்லாம் கவனிக்கிற எஸ்எம்சி என்றொரு சிப் உண்டு. அதைக் கேட்டுத்தான் உறுதி செய்துகொள்ளும். நம் டப்பாவில் அது கிடையாது. அதனால் டிஸ்க்கின் ஓரத்தில், இஎஃப்ஐ என்ற சின்னப் பகுதியில், ஓப்பன்கோர் என்ற புரோகிராம் முதலில் எழுந்து உட்கார்ந்துகொண்டு, மேக் ஓஎஸ் கேட்கிற கேள்விக்கெல்லாம் "ஆமாம், இது 2019 ஐமேக்தான்" என்று பதில் சொல்கிறது. சிப் இருப்பதுபோல் நடிக்க ஒரு துணைக் கோப்பு, சத்தம் வர ஒன்று, கிராஃபிக்ஸுக்கு ஒன்று. கெக்ஸ்ட் என்று இவற்றைச் சொல்கிறார்கள். ஆப்பிளுக்கும் இதெல்லாம் தெரியாமல் இல்லை. மேக் ஓஎஸுக்குள் 'டோன்ட் ஸ்டீல் மேக் ஓஎஸ் எக்ஸ்' என்ற பெயரிலேயே ஒரு கோப்பை வைத்திருக்கிறார்கள். தம்பி திறந்து காட்டியபோது எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

புதிய பதிப்பு வரும்போதெல்லாம் இந்த நடிப்பையும் புதுப்பிக்க வேண்டும். முதலில் ஓப்பன்கோரையும் கெக்ஸ்ட்களையும் மாற்றிவிட்டு, அப்புறம்தான் அப்டேட் போட வேண்டும். தனக்காகத் தானே செய்துகொள்கிறவர்களுக்கு இது பாலபாடம். எனக்கோ இதெல்லாம் வைத்திருக்கிற ஃபோல்டர் ஒன்று இருப்பதே தெரியாது. தம்பி புதுக் கோப்புகளைப் பென் டிரைவில் போட்டு அதிலிருந்து எழுப்பினான். முக்கால் மணி நேரத்தில் டெஸ்க்டாப் வந்தது, பாட்டியும் வந்தார். வைஃபை மட்டும் வரவில்லை. பழைய பிராட்காம் வைஃபை கார்டுகளுக்கு இருந்த ஆதரவை சோனோமாவில் ஆப்பிளே எடுத்துவிட்டது. கேபிள் இழுத்துக் காப்பி எடுத்து முடித்தோம்.

இதோடு போயிருந்தால்கூட கோபம் ஆறியிருக்கும். திருப்பூரில் ஒரு போட்டோகிராபர், அதே கடையில் அதே கண்ணாடிக் கேபினெட் வாங்கியவர். அவருக்கு ஆப்பிள் ஐடியில் ஏதோ தொந்தரவு, ஆப்பிளின் மெசேஜ், வீடியோ கால் வசதிகளான ஐமெசேஜும் ஃபேஸ்டைமும் வேலை செய்யவில்லை. சந்தேகப்பட்டு இருவரும் சீரியல் நம்பரைப் போனில் வாசித்துப் பார்த்தோம். கடைசி எழுத்து வரை ஒன்றே. ஒரு ஃபோல்டரைச் செய்து, ஜெராக்ஸ் எடுப்பதுபோல் எல்லா மெஷினிலும் ஒட்டியிருக்கிறார்கள். மெஷினுக்கு மெஷின் நம்பரை மாற்றக்கூட மெனக்கெடவில்லை.

ஹேக்கின்டாஷையே நான் திட்டவில்லை. அந்தத் தம்பியின் லேப்டாப்பிலும் அதுதான் ஓடுகிறது. கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வழி இல்லை என்கிறான். ஆனால் மேக் ஓஎஸின் உரிம ஒப்பந்தத்தில், ஆப்பிள் பெயர் போட்ட மெஷினில் மட்டுமே போட வேண்டும் என்று தெளிவாக இருக்கிறது. இதைக் கடை போட்டு விற்றால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு கதை உண்டு. ஃபுளோரிடாவில் சைஸ்டார் என்ற கம்பெனி 2008-இல் இப்படி மெஷின்களை வெளிப்படையாகவே விற்றது. அதே வருடம் ஆப்பிள் வழக்குப் போட்டது. 2009 நவம்பரில் தீர்ப்பு ஆப்பிள் பக்கம், டிசம்பரில் நிரந்தரத் தடை. அப்பீலிலும் 2011-இல் தோற்றார்கள். அந்தக் கம்பெனியாவது "இது ஆப்பிள் தயாரிப்பு இல்லை" என்று சொல்லித்தான் விற்றது. நம் ஆள் அதையும் சொல்லவில்லை.

இப்போது விலைக் கணக்கு. நான் 92,000 எண்ணிக் கொடுத்த அதே சமயத்தில், ஆப்பிளின் சொந்த எம்2 சிப் போட்ட குட்டிக் கம்ப்யூட்டரான மேக் மினி, இந்தியாவில் 2023 ஜனவரியில் வந்தது, ஆரம்ப விலை 59,900. புத்தம் புதுசு, வாரண்டியோடு. மானிட்டரும் கீபோர்டும் என்னிடம் ஏற்கெனவே இருந்தன. என் டப்பாவின் பாகங்களைத் தனித்தனியாக விசாரித்ததில் 55,000-க்குள் வந்தது. மீதி 37,000 எதற்கு என்றால், ஒரு ஃபோல்டரை காப்பி பேஸ்ட் செய்ததற்கு.

இன்றைக்கு யாராவது இதை வாங்கினால் நிலைமை இன்னும் மோசம். ஆப்பிள் 2020-லிருந்து இன்டெல்லை விட்டுச் சொந்த சிப்புக்கு மாறிவிட்டது. 2025-இல் வந்த டஹோதான் இன்டெல் மெஷின்களுக்குக் கடைசி மேக் ஓஎஸ் பதிப்பு என்று அவர்களே அறிவித்துவிட்டார்கள். அதிலும் இன்டெல் மாடல்களில் நான்கே நான்குக்குத்தான் இடம். என் டப்பா வேஷம் போட்ட 2019 ஐமேக் அந்தப் பட்டியலிலேயே இல்லை. வேஷத்தை மாற்றி ஓட்டுவார்கள்தான், ஆனால் அதற்கு அடுத்த பதிப்பு இன்டெல்லுக்கு என்று வரவே போவதில்லை.

வாங்கப் போகிறவர்கள் கடையில் இருக்கும்போதே சிஸ்டத்தை முழுதாக அணைத்து ஆன் செய்யச் சொல்லுங்கள். நான் போன இரண்டு முறையும் அது ஏற்கெனவே ஆனில்தான் இருந்தது. மதர்போர்டு கம்பெனி லோகோ வந்தால் அது ஆப்பிள் மெஷின் இல்லை, விஷயம் முடிந்தது. சீரியல் நம்பரை ஆப்பிளின் வாரண்டி பார்க்கும் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். அங்கே நம்பர் இருந்தாலும் நம்பிவிடாதீர்கள், அது வேறு யாருடைய நிஜ மெஷினின் நம்பராகவும் இருக்கலாம். அப்புறம் பில். என் பில்லில் 'அசெம்பிள்டு சிபியு வித் ஆக்சஸரிஸ்' என்றுதான் இருக்கிறது. மேக் என்ற சொல்லே கிடையாது. ஜிஎஸ்டி எண்ணும் கிடையாது. வாயால் சொல்வதைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள், எழுதமாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

தொழிலுக்கு வாங்கியது என்பதால் நுகர்வோர் ஆணையத்தில் எடுக்கமாட்டார்கள் என்று கடைக்காரர் என்னிடம் அடித்துப் பேசினார். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கியதை வணிக நோக்கம் என்று கணக்கில் கொள்வதில்லை. சாமானுக்குக் கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையத்தில் கட்டணமும் இல்லை, புகாரை இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்தாலே வழி சொல்கிறார்கள். நான் புகாரை எழுதி, இரண்டு மெஷினின் சீரியல் நம்பர் தெரிகிற போட்டோக்களோடு அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். மூன்றாம் நாள் கூப்பிட்டார். 20,000 திருப்பித் தருகிறேன், கடை பெயரை எங்கேயும் போடக் கூடாது என்றார். ஐப்பசி முகூர்த்தம் தலைக்கு மேல் நின்றது. வாங்கிக்கொண்டேன். சரியா தப்பா என்று இன்னும் தெரியவில்லை.

இப்போது அந்த டப்பாவில் விண்டோஸ் ஓடுகிறது, ஆல்பம் டிசைன் செய்ய வைத்திருக்கிறேன். எடிட்டுக்கு மேக் மினி. அன்றைக்கு அந்தத் தம்பிக்கு ஆயிரம் ரூபாய் நீட்டினேன், வாங்கவில்லை. மேஜையைக் காட்டி, "அண்ணா, உங்களுக்கு ஆகாதுன்னா அந்த வைஃபை கார்டை எடுத்துக்கட்டுங்களா? என்னுதுல பழைய வெர்ஷன்தான், அதுல ஓடும்" என்றான்.