லயத்துக்கே வந்த புற்றுநோய்ப் பரிசோதனை முகாம்

கேரளாவில், பீர்மேடு தாலுகாவில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் இருக்கிறோம். நான் லயத்திலேயே, அதாவது தொழிலாளர் குடியிருக்கிற வரிசை வீட்டிலேயே, தையல் மெஷின் போட்டிருக்கிறேன். மாமியார் போன வருஷம் வரை கொழுந்து எடுத்தார். ஏழு வாரத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் டிவிஷன் கிரெச்சில் பெண்களுக்கு இலவசப் புற்றுநோய்ப் பரிசோதனை முகாம் போட்டார்கள். மலையில் இருக்கிற மற்ற எஸ்டேட் பெண்களுக்கும் உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு கும்பிடு. இரண்டு வருஷம் முன் இதே முகாம் டவுனில், வேலை நாளில் நடந்தது. ஒரு நாள் கூலி போகும், ஜீப்புக்குப் போகவர காசு. எங்கள் டிவிஷனிலிருந்து மூன்று பேர்தான் போனோம். இந்த முறை நாற்பத்தொரு பேர். குளித்து, ஈரத்தலையோடு வரிசையில் நின்றார்கள். பெண்கள் பயந்துகொண்டு வருவதில்லை என்று இனிமேல் யாரும் சொல்லக் கூடாது.

இரண்டாவது, வந்த சிஸ்டர்களில் ஒருவர் தமிழ் பேசினார். மலையாளம் எங்களுக்குப் பேச வரும். ஆனால் கர்ப்பப்பை, வெள்ளைப்படுதல், தீட்டு நின்ற பிறகு ரத்தம் போவது, இதையெல்லாம் தாய்மொழியில்தான் வாய் திறந்து சொல்ல முடியும். என் அம்மா முப்பத்தொரு வருஷம் கொழுந்து எடுத்தவர். தீட்டு நின்று ஆறு வருஷம் கழித்து ரத்தம் பட்டது. எட்டு மாதம் துணி வைத்து மறைத்தார். "இந்த வயசுல இதை யாருகிட்ட சொல்ல?" என்று பிறகு கேட்டார். தேனிக்குக் கூட்டிப் போனபோது மூன்றாம் கட்டம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் முற்றுவதற்குப் பல வருஷம் எடுக்கும், ஆரம்பத்தில் பார்த்தால் தடுத்துவிடலாம் என்று அந்த சிஸ்டர் விளக்கியபோது நான் எழுந்து வெளியே போய் நின்றேன்.

சோதனை ஐந்து நிமிஷம். சேலை கட்டி மறைத்த அறை, பெண் டாக்டர். சின்ன பிரஷ்ஷால் கர்ப்பப்பை வாயில் தடவி எடுத்துக் கண்ணாடித் தகட்டில் பூசினார்கள். வலி இல்லை, கூச்சம்தான். மார்பைக் கையால் தடவிப் பார்த்தார்கள், வீட்டில் நாமே பார்க்கவும் சொல்லிக் கொடுத்தார்கள். வாயை டார்ச் அடித்துப் பார்த்தார்கள். அத்தை, அதாவது என் மாமியார், குளிருக்குப் புகையிலை அடக்கியே பழகியவர். இடது கன்னத்துக்குள் வெள்ளைத் தடிப்பு இருந்தது. அவருக்கு அது வருஷக்கணக்காக இருக்கிறதாம், எரிச்சல் இல்லையென்று விட்டிருக்கிறார்!

இனி குறை. சம்மதப் படிவம் மலையாளத்தில். பாதிப் பேர் படிக்காமலே கைநாட்டு, கையெழுத்து. அத்தைக்குக் கொடுத்த சீட்டும் மலையாளம். அரிசி டின்னுக்குள் பதினாறு நாள் கிடந்தது. எங்கள் பகுதி சுகாதாரப் பணியாளரான ஆஷா சேச்சி மழையில் மலையேறி வந்து, "அம்மாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனீங்களா?" என்று கேட்டபோதுதான் விஷயமே தெரிந்தது. கோட்டயம்-குமுளி ரோட்டில் கோட்டயம் வரை பஸ். சதை எடுத்துச் சோதித்தார்கள். புற்று இல்லை. புகையிலையை விடணும், ஆறு மாதத்துக்கு ஒரு தரம் காட்டணும். அத்தை விட்டுவிட்டார், கோபத்தோடு.

தகடு சோதனை முடிவுக்கு நாலு வாரம் என்றார்கள். மலையில் இது பெரிய ஓட்டை. சம்பளத் தகராறில் வேறு டிவிஷனுக்குப் போகிறார்கள், போன் நம்பர் மாறுகிறது, முடிவு யாருக்குப் போகும்? திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-ல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற நர்ஸுகளே வினிகரில் இருக்கிற அசிட்டிக் அமிலத்தை நீர்க்கக் கரைத்துக் கர்ப்பப்பை வாயில் தடவி, ஒரு நிமிஷத்தில் வெள்ளையாக மாறுகிறதா என்று பார்த்தார்கள். முப்பத்தோராயிரம் பெண்களுக்கு மேல் சோதித்ததில், கர்ப்பப்பை வாய்ப் புற்றால் சாவது 35 சதவீதம் குறைந்தது. முடிவு அங்கேயே, அப்போதே தெரிந்துவிடும். தீட்டு நின்றவர்களுக்கு அந்த முறை அவ்வளவு சரிப்படாது என்கிறார்கள். ஆனால் முப்பது, நாற்பது வயதில் கொழுந்து எடுக்கிறவர்களுக்கு இந்த லயத்தில் அதுதான் பொருந்தும் என்பது என் எண்ணம்.

முகாமுக்கு ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அதற்குப் பின்னால் நடந்ததற்கு இரண்டுதான், அதுவும் ஆஷா சேச்சிக்காக. உங்கள் பக்கம் வந்தால் கட்டாயம் போங்கள். சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று அங்கேயே வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள், போனில் படம் எடுத்து வையுங்கள்.

என் முடிவு வந்துவிட்டது, குறையில்லை. மூன்றாம் லயத்தில் ஒன்பது பேருக்கு இன்னும் வரவில்லை. நாளைக்கு அவர்கள் பெயரை எழுதிக்கொண்டு ஆஷா சேச்சியோடு நானே இறங்கிப் போய்க் கேட்கப் போகிறேன்.