பல்லி முட்டை போட்ட கேபினெட்டும் 30 ஜிபி ஏஜ் ஆஃப் எம்பயர்ஸும்

தீபாவளி லீவுக்கு அக்கா மகன் மதுரை திருநகர் வீட்டுக்கு வந்திருந்தான். பரணில் கிடந்த பழைய கணினி கேபினெட்டைப் பார்த்துவிட்டு, "மாமா, இதுல என்ன கேம் ஆடுவீங்க?" என்று கேட்டான். வாயால் சொல்லியிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். ஆடியே காட்டுகிறேன் என்று இறங்கினேன், லீவு முழுக்கப் போய்விட்டது.

பழைய ஆட்டத்தை இன்றைக்கு ஆட நான்கு வழி இருக்கிறது. பழைய கணினியையே எழுப்பலாம். பழைய சிடியைப் புது லேப்டாப்பில் போட்டுப் பார்க்கலாம். ஸ்கம்விஎம், டாஸ்பாக்ஸ் மாதிரி இலவச மென்பொருள்களின் உதவியை நாடலாம். இல்லையென்றால் மெருகேற்றிய புதுப் பதிப்பைக் காசு கொடுத்து வாங்கலாம். நாலையும் முயன்று பார்த்தேன்.

கேபினெட்டில் இருந்து ஆரம்பித்தோம். பென்டியம் 3, 128 எம்பி ராம், விண்டோஸ் 98. பக்கத்துத் தகட்டைக் கழற்றினால் விசிறிக்குப் பின்னால் இரண்டு பல்லி முட்டை. மதர்போர்டில் இருந்த காசு வடிவ பேட்டரி செத்துப்போய், ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தேதி பழைய நூற்றாண்டுக்கே போனது. அந்த சிஆர்2032 பேட்டரிக்குச் செலவு 40 ரூபாய்தான். ஆனால் மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியில் இரண்டு கப்பாசிட்டர் தலை உப்பி நின்றது. டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் அலைந்து ஒரு செகண்ட் ஹேண்ட் எஸ்எம்பிஎஸ் பிடித்து மாட்டினேன்.

எரிந்தது. பெரிய டப்பா மானிட்டர் 'டொய்ங்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு விழித்தது. ஸ்பெயினின் பைரோ ஸ்டூடியோஸ் உருவாக்கி 1998ல் வந்த கமாண்டோஸ் ஆட்டம் ஹார்டு டிஸ்க்கில் அப்படியே இருந்தது. எதிரிச் சிப்பாயின் பார்வை பச்சைக் கூம்பாக விரிகிறது. பக்கத்தில் வெளிர்ப் பச்சை, தூரத்தில் அடர் பச்சை. அடர் பச்சைக்குள் படுத்து ஊர்ந்து போனால் அவன் கண்ணில் படமாட்டோம். இதை விளக்கிக்கொண்டிருந்தபோதே டிஸ்க் 'டக் டக்' என்று அடிக்கத் தொடங்கி, திரை உறைந்தது. அதற்கப்புறம் அது எழவில்லை. பழைய பெட்டியை வைத்திருப்பது பழைய ஸ்கூட்டரை வைத்திருப்பது மாதிரி. ஓட்டும் நேரத்தைவிட ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் நேரம் அதிகம். அந்த வேலையே பிடிக்கும் என்றால் சரி, ஆட்டம்தான் முக்கியம் என்றால் இந்த வழி வேண்டாம்.

இரண்டாவது வழியை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். மார்க்கர் பேனாவில் பெயர் எழுதிய சிடிகளில் பாதி, பிடித்துத் தூக்கும்போதே மினுமினுப்புப் பூச்சு உரிந்து விரலில் ஒட்டியது. மீதியை வெளி டிரைவில் போட்டேன். ஆட்டம் 32 பிட்டாக இருந்தாலும், அதைக் கணினியில் ஏற்றும் இன்ஸ்டாலர் பல சமயம் அதைவிடப் பழைய 16 பிட் வகையாக இருக்கும். 64 பிட் விண்டோஸ் அதைத் தொடாது. அதைத் தாண்டினாலும் சேஃப்டிஸ்க் என்ற பூட்டு நிற்கும். அசல் சிடிதானா என்று பார்க்கும் அதன் டிரைவர் பாதுகாப்புக்கு ஆபத்து என்று 2015ல் விண்டோஸ் 10 அதை ஏற்க மறுத்துவிட்டது. ஆக, அன்றைக்குக் காசு கொடுத்து அசல் வாங்கியவர் வாசலில் நிற்கிறார், பூட்டை உடைத்த திருட்டு சிடிக்காரர் உள்ளே போய்விடுகிறார். இதையும் கடந்தால் நிறக் குளறுபடி. 256 நிறங்களை வைத்து வரைந்த 1999ன் வியூக ஆட்டமான ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2ல், விண்டோஸ் 7 காலத்தில் புல்லும் தண்ணீரும் ஊதாவும் சிவப்புமாகத் தெரியும். அதைத் தவிர்க்க டாஸ்க் மேனேஜரில் போய் எக்ஸ்ப்ளோரரை நிறுத்திவிட்டு ஆடியவர்களில் நானும் ஒருவன்.

ஸ்கம்விஎம்மைப் பற்றித்தான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். 1987ல் லூகாஸ்ஃபிலிம் கேம்ஸ், மேனியாக் மேன்ஷன் என்ற சாகச ஆட்டத்துக்காக ஸ்கம் என்றொரு இயந்திரத்தை எழுதியது. கதை, படம், வசனம் எல்லாம் தரவுக் கோப்புகளில் தனியாக இருக்கும். அவற்றைப் படித்து ஓட்டும் நிரல் வேறு. 2001ல் தொடங்கிய ஸ்கம்விஎம் அந்த நிரலைப் புதிதாக எழுதி மாற்றிவிட்டது. கோப்பு பழையது, ஓட்டுநர் புதியவர். அதனால் விண்டோஸ் எதுவானாலும் கவலை இல்லை. ஆண்ட்ராய்டு போனிலும் ஓடும். லூகாஸோடு நிற்காமல், சியரா உட்பட வேறு பல நிறுவனங்களின் ஆட்டங்களையும் ஓட்டும்.

புதியவர்கள் பெனீத் எ ஸ்டீல் ஸ்கையில் தொடங்கலாம். 1994ல் வந்தது, 2003ல் இலவசமாக்கிவிட்டார்கள். ஸ்கம்விஎம் தளத்திலேயே கிடைக்கும். மருமகனிடம் போனைக் கொடுத்தேன். நாயகன் ஒரு தொழிற்சாலைக்குள் ஒளிந்திருக்கிறான், கதவு திறக்கவில்லை. இவன் திரையில் கண்ட இடத்தையெல்லாம் தட்டினான். கால் மணி நேரம் கழித்துப் படிக்கட்டின் ஒரு கம்பி தனியாகக் கழன்று வருவதைக் கண்டுபிடித்தான். அதை வைத்துக் கதவை நெம்பினான். திறந்ததும் அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஒரு குறை உண்டு: எல்லாம் இங்கிலீஷ் வசனம். நாங்கள் அந்தக் காலத்தில் டிக்‌ஷனரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆடினோம், இவன் என்னைக் கேட்டுக்கொண்டு ஆடினான்.

டாஸ்பாக்ஸ் வேறு சாதி. விண்டோஸுக்கு முன்னால் கட்டளை அடித்து ஓட்டிய டாஸ் கணினி ஒன்றை முழுசாகப் பாவனையாக உள்ளே கட்டித் தருகிறது, இந்த மாதிரியை எமுலேட்டர் என்பார்கள். 2002ல் முதல் பதிப்பு. மவுன்ட் கட்டளை கொடுத்து ஃபோல்டரை சி டிரைவ் ஆக்க வேண்டும். வேகம் கூடினால் கன்ட்ரோல் எஃப்11ல் குறைக்கலாம், எஃப்12ல் கூட்டலாம். பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவை இதில்தான் காட்டினேன். ஒரு மணி நேரத்துக்குள் 12 நிலைகளைக் கடந்து இளவரசியை மீட்க வேண்டும். கம்ப்யூட்டர் சென்டரில் சி நிரல் படிக்கப் போனவர்களில் பாதிப் பேர் இதைத்தான் படித்தார்கள். ஆட்டத்தைத் தொடங்கும் கட்டளைக்குப் பின்னால் மெகாஹிட் என்று அடித்துத் தொடங்கினால் ஷிஃப்ட்டும் எல்லும் சேர்த்து அழுத்தி அடுத்த நிலைக்குத் தாவலாம் என்பது அன்றைக்குக் கைமாறிய ரகசியங்களில் ஒன்று. செட்டிங்கில் ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம், ஆஸ்பெக்ட் கரெக்‌ஷன். 320க்கு 200 படம் அந்த டப்பா மானிட்டரை நிரப்ப உயரமாக இழுக்கப்படும். அதைப் போடாவிட்டால் லேப்டாப்பில் இளவரசன் நசுங்கிக் குள்ளமாகத் தெரிவான்.

அதே டாஸ்பாக்ஸில் 1992ன் டியூன் 2ஐப் போட்டேன். அங்கேதான் எனக்கு ஒன்று புரிந்தது. இன்றைய வியூக ஆட்டங்களின் தாத்தா இது. ஆனால் பத்து டாங்கியை ஒன்றாகப் பிடித்து அனுப்ப முடியாது. ஒன்றைச் சொடுக்கி, நகர் என்று சொல்லி, இடத்தைக் காட்ட வேண்டும், பிறகு அடுத்தது. ஏழாவது டாங்கிக்கு வரும்போது முதல் டாங்கி வெடித்திருக்கும். சாகச ஆட்டத்தில் பழசானது படம் மட்டும்தான், கம்பியும் கதவும் அப்படியே இருக்கின்றன. வியூக ஆட்டத்தில் பழசானது கை. அதை எந்த எமுலேட்டரும் சரிசெய்யாது.

அதனால் வியூகத்துக்குப் புதுப் பதிப்பு. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 டெஃபினிட்டிவ் எடிஷன் 2019 நவம்பரில் வந்தது. 30 ஜிபி இடம் கேட்கும். கூடுதல் தரப் படங்களுக்கான இலவசப் பொதியை மருமகன் லேப்டாப் மாதிரி சாதாரணமானதில் போட வேண்டாம். ஆன்லைன் தரவரிசையில் ஆட, கணினியே ஒரு சோதனையில் 1000 மதிப்பெண் எடுக்க வேண்டும். பத்தாம் வகுப்புக்காரனுக்கு அதைக் கேட்டதும் சிரிப்பு. வயல் தானாகவே மறுபடி உழுது விதைக்கிறது, ஒற்றன் குதிரை தானாகச் சுற்றிப் பார்க்கிறது. எதிராளியாக ஆடும் கணினியும் பழையதைப் போலக் கள்ளத்தனமாகக் கூடுதல் பொருள் எடுத்துக்கொள்வதில்லை, நேர்மையாகவே அடித்து நொறுக்குகிறது.

அப்புறம் 2022ல் வந்த இந்திய விரிவாக்கம். அதில் திராவிடர்கள் தனி நாகரிகம். சுருள் வாள் வீசும் உருமி வீரர்கள், திரிசடை என்ற பெருங்கப்பல், ராஜேந்திர சோழன் போர்த்தொடர். முக்கியமாக, ஆட்கள் தமிழில் பேசுகிறார்கள். மரம் வெட்ட அனுப்பியவன் தமிழில் பதில் சொன்னதும் சமையலறையில் இருந்த அம்மா எட்டிப் பார்த்தார். குதிரை வீரர்களில் நைட் வரிசை இவர்களுக்குக் கிடையாது என்பதால் மருமகன் முதல் மூன்று ஆட்டமும் தோற்றான். விரிவாக்கத்துக்குத் தனிக்காசு. ஆட்டங்கள் விற்கும் ஸ்டீம் தளத்தில் டிசம்பர் தள்ளுபடிவரை பொறுத்தால் பையைக் கடிக்காது.

புதுப் பதிப்பெல்லாம் இப்படி அமையும் என்று நினைக்க வேண்டாம். 2020ல் வந்த கமாண்டோஸ் 2 ரீமாஸ்டர் வந்த கையோடு விமர்சகர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது. அதற்குப் பழையதே மேல். ஹீரோஸ் 3 என்ற வியூக ஆட்டத்தின் 2015 எச்டி பதிப்பில் இரண்டு விரிவாக்கமும் கிடையாது. 2020ல் வந்த கமாண்ட் அண்ட் காங்கர் ரீமாஸ்டரை நம்பி வாங்கலாம், ஒரே விசையில் பழைய படத்துக்கும் புதிய படத்துக்கும் மாறலாம். சாகச ஆட்டமான மங்கி ஐலண்டின் 2009 சிறப்புப் பதிப்பிலும் எஃப்10 அழுத்தினால் பழைய படம் வரும். நான் அழுத்திய பிறகு திரும்ப அழுத்தவே இல்லை.

கிளம்பும் நாளில் மருமகனின் லேப்டாப்பில் திராவிடர்கள், போனில் பெனீத் எ ஸ்டீல் ஸ்கை. கேபினெட்டைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டேன். மானிட்டரையும் கேட்டார், எடைக்குத்தான் எடுப்பேன் என்றார். அதைத் திரும்பப் பரணில் ஏற்ற இரண்டு ஆள் தேவைப்பட்டது.