சுங்கை சிப்புட் வெயிலுக்கு ஏற்ற சோம்பு மது

பிரான்ஸ் நாட்டுச் சோம்பு மதுவான பாஸ்டிஸை நீரில்லாமல் ஒரு மடக்கு குடித்துவிட்டு, 'இருமல் மருந்து' என்று ஒதுக்குகிறவர்கள் அதைச் சுவைக்கவே இல்லை. பல ஆண்டுகளாக மாலை வேளைகளில் இதை அருந்தி வருகிறேன். போத்தலில் இருப்பது பாதிதான். மீதியைத் தண்ணீர்தான் தர வேண்டும்.

எங்கள் வீட்டில் பெரும்பாலும் ரிக்கார் என்ற பாஸ்டிஸ். அப்சிந்த் என்ற வீரியமான சோம்பு மதுவை பிரான்ஸ் 1915-ல் தடை செய்தது. அந்த இடத்தை நிரப்ப வந்த சோம்பு மதுக்களில் ஒன்றாக, 1932-ல் மார்செய் நகரத்தில் பால் ரிக்கார் இதை உருவாக்கினார். அன்னாசிப்பூவும் அதிமதுரமும்தான் இதன் உயிர். 45 சதவீதம் ஆல்கஹால். ஒரு பங்குக்கு ஐந்து பங்கு தண்ணீர் என்பது அங்குள்ள வழக்கம். அப்படிக் கலந்தால் 7.5 சதவீதமாக இறங்கிவிடும். நம் ஊர்ப் புழுக்கத்திற்கு அந்த அளவுதான் சரி.

தண்ணீர் விழுந்ததும் தெளிந்த பொன்னிறம் கலங்கி வெளிர் மஞ்சளாகிறது. அனெத்தோல் என்ற வாசனை எண்ணெய் ஆல்கஹாலில் கரையும், நீரில் கரையாது. நீர் கூடக்கூட நுண்துளிகளாகப் பிரிந்து நிற்கும். இத்தனை நாள் கழித்தும் அந்த நொடியை நான் கவனிக்காமல் விட்டதில்லை.

நம்மவர்கள் கை முதலில் பனிக்கட்டிக்குத்தான் போகும். தயவுசெய்து அதைக் கடைசியில் போடுங்கள். அனெத்தோல் குளிரில் உறையும் பொருள். நீர் கலக்காத மதுவில் பனிக்கட்டி போட்டால் அது துகள்களாகப் பிரிந்து மேலே மிதக்கும், வாசனையும் அடங்கிவிடும். போத்தலையும் குளிர்பெட்டியில் வைக்க வேண்டாம், அலமாரியே போதும். குளிர்ந்த தண்ணீரை மெதுவாக ஊற்றி, விரும்பினால் ஒரே ஒரு கட்டி.

நாம் சோம்பை உணவுக்குப் பின் மெல்லுகிறோம். மார்செய்க்காரர்கள் உணவுக்கு முன் அருந்துகிறார்கள். பசியைக் கிளறுவதில் இதற்கு இணை நான் கண்டதில்லை. தொட்டுக்கொள்ள, கச்சானோடு பொரித்த நெத்திலி மிகப் பொருத்தம். உப்பும் மொறுமொறுப்பும் அதிமதுரத்தின் இனிப்பை அடக்குகின்றன. ஈப்போ புந்தோங்கில் வாங்கும் கச்சாங் பூத்தே என்ற வறுத்த கடலை, பருப்பு வகைகளும் நன்று, ஆனால் ஓமம் போட்ட முறுக்கை விலக்குங்கள், இரண்டு வாசனையும் சண்டையிடும். ஆட்டுப் பிரட்டல் வரும்போது குவளை காலியாகியிருக்க வேண்டும். மசாலாவிலேயே சோம்பும் அன்னாசிப்பூவும் இருப்பதால் மதுவின் தனித்தன்மை அதில் கரைந்துபோகிறது.

கிரேக்க நாட்டுச் சோம்பு மதுவான ஊசோவில் பொதுவாக அதிமதுரம் இருப்பதில்லை. சுவை கூர்மையாக இருக்கும். பொரித்த மீனுக்கு அதைத்தான் எடுப்பேன். லெபனானின் அரக் திராட்சையிலிருந்து வடிப்பது, இன்னும் வறண்டது, வீரியமும் அதிகம். என் மச்சானுக்கு அதுதான் பிடிக்கும், எனக்கு எப்போதாவது.

எங்கள் ஊர்க் கடைகளில் இவை கிடைப்பதில்லை. ஈப்போவுக்குப் போக வேண்டும், அல்லது 1987 முதல் வரியில்லாத் தீவாக இருக்கும் லங்காவிக்குப் போகிறவர்களிடம் சொல்லிவைக்க வேண்டும். வரி சேர்ந்த விலை கடுமைதான். ஆனாலும் மலிவு கிடைக்கிறதென்று முத்திரையில்லாத போத்தலைத் தொடாதீர்கள். 2018-ல் சிலாங்கூரில் மெத்தனால் கலந்த போலி மது பல உயிர்களைக் குடித்தது. தோட்டத்தில் சம்சு என்ற மலிவுச் சாராயம் எத்தனை குடும்பங்களைச் சிதைத்தது என்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். நின்றபடி ஒரே மூச்சில் தீர்க்கிற அந்தக் குடிக்கும், உட்கார்ந்து தண்ணீர் சேர்த்துச் சேர்த்து ஒரு மணி நேரம் அருந்துகிற இதற்கும் இடையே பெரிய தூரம் இருக்கிறது. இரண்டாவது குவளையை நாங்கள் ஊற்றுவதில்லை.

பெர்னோ என்ற இன்னொரு பிரெஞ்சுச் சோம்பு மதுவும் ஒரு போத்தல் வைத்திருக்கிறேன். அதிமதுரம் தூக்கலாக இல்லாததால் அது சமையலுக்கு உகந்தது. இறாலைப் பூண்டோடு வதக்கி, தீயைக் குறைத்து, ஒரு தேக்கரண்டி விட்டுப் பாருங்கள்.