மக்காச்சோளம் தின்று கால் போன குதிரைக்கு ஹார்ட் பார் லாடம்: நான்கு மாதம் கழித்து எழுதுகிறேன்

"முன்னங்காலை மாற்றி மாற்றி வைக்கிறது, பின்னுக்குச் சாய்ந்து நிற்கிறது, என்ன செய்ய" என்று தேடி இங்கே வந்தவர்கள் முதலில் தானியத்தை மொத்தமாக நிறுத்துங்கள், முன்னங்கால் இரண்டையும் ஐஸ் போட்ட தண்ணீரில் நிற்க வையுங்கள், கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். அப்புறம் வந்து இதைப் படியுங்கள். லாடம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

எங்கள் செவலை மார்வார் இனப் பெண் குதிரை, ஒன்பது வயது. ஒரு ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாச் சந்தையில் குட்டியாக வாங்கி, கோபி பக்கம் எங்கள் தோட்டத்தில் வளர்த்தது. போன கார்த்திகையில் ஒரு ராத்திரி கொட்டகைத் தாழ்ப்பாள் சரியாக விழவில்லை, கோழிக்கு வைத்திருந்த மக்காச்சோள மூட்டையைக் கிழித்துப் பாதிக்கு மேல் தின்றுவிட்டது. காலையில் எல்லோரும் வயிற்றைத்தான் பார்த்தோம், வயிறு வலி வந்துவிடுமோ என்று நடக்க வைத்துக்கொண்டே இருந்தோம், வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை, சாணியும் நன்றாகவே போட்டது. இரண்டாம் நாள் கால் போனது. குளம்பைத் தொட்டால் சூடு, கணுக்காலுக்குப் பின்னால் விரல் வைத்தால் நாடி தெறிக்கிறது, கொட்டகையை விட்டு ஓரடி எடுத்து வைக்க மாட்டேன் என்கிறது.

நகமும் சதையும் போல என்று சொல்வோமே, அந்த ஒட்டு விட்டுப்போவதுதான் லேமினைட்டிஸ். குதிரைக் குளம்பின் வெளிச் சுவர் நம் நகத்தைப் போன்றது, உள்ளே ஒரு எலும்பு, இரண்டுக்கும் நடுவில் இரண்டு புத்தகங்களின் தாள்களை ஒன்றுக்குள் ஒன்று செருகி வைத்ததுபோல நூற்றுக்கணக்கான மெல்லிய மடிப்புகள். குதிரையின் மொத்த எடையும் அந்த மடிப்புகளில்தான் தொங்குகிறது. தானியம் அளவுக்கு மீறி உள்ளே போனால் குடலில் புளித்து, அதில் உண்டாகும் நஞ்சு ரத்தத்தில் கலந்து, அந்த மடிப்புகள் வீங்கிப் பிடி தளர்கின்றன. காலின் பின்பக்கத்துப் பெரிய நரம்பு, நாம் நரம்பு என்று சொன்னாலும் அது தசைநாண், எலும்பைப் பின்னால் இழுத்துக்கொண்டே இருப்பதால் எலும்பின் முனை கீழே திரும்பி உள்ளங்குளம்பை நோக்கி இறங்கும். 1973இல் அமெரிக்காவின் மூன்று பெரிய பந்தயங்களையும் வென்ற செக்ரெட்டேரியட் குதிரையையே 1989இல் இந்த நோய்க்காகத்தான் கருணைக்கொலை செய்தார்கள். அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

நான் செய்த முதல் தவறு, வழக்கமாக நான்கு காலுக்கும் கட்டுகிறவரையே கூப்பிட்டு "முன்னங்காலுக்கு லாடம் மாற்றினால் சரியாகுமா" என்று கேட்டது. அவர் பையிலிருந்த ரெடிமேட் லாடத்தில் ஒன்றை எடுத்து, அதற்கு வெளியே நீட்டிய குளம்பை அரத்தால் ராவி, அடித்துவிட்டுப் போனார். செருப்புக்காகக் காலை வெட்டிய கதைதான். அன்று சாயங்காலமே செவலை படுத்துவிட்டது. அவர் கெட்டவர் இல்லை, நல்ல காலுக்கு அவர் கட்டும் லாடம் ஆறு வாரம் அசையாது. நோய்ப்பட்ட கால் வேறு வேலை என்பது எனக்கும் தெரியவில்லை, அவரும் சொல்லவில்லை.

எக்ஸ்ரே கருவியைக் காரில் வைத்துக்கொண்டு தோட்டத்துக்கே வருகிற மருத்துவர் ஒருவர் கிடைத்தார். இந்தக் காலோடு வண்டியில் ஏற்றி நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வரை கொண்டுபோவது சித்திரவதை, அதனால் அவர் தோட்டத்துக்கு வரும் செலவை நான் பார்க்கவில்லை. அடித்திருந்த லாடத்தைக் கழற்றச் சொல்லிவிட்டு, பக்கவாட்டில் படம் எடுத்தார். இடது காலில் எலும்பு ஏழு டிகிரி திரும்பியிருந்தது, வலதில் நான்கு. ஹார்ட் பார் லாடம், அதாவது நடுவில் நாக்கு வைத்த இதய வடிவ லாடம், போட்டுப் பார்க்கலாம் என்றார், அதை அடிக்கத் தெரிந்தவர் என்று ஒரு பாயின் எண்ணையும் கொடுத்தார்.

பாயின் பெயரையும் எண்ணையும் பொதுவில் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார், இருக்கிற வேலையே அவருக்கு முடியவில்லை. கோவை, ஈரோடு பக்கம் குதிரை மருத்துவர்களிடம் கேட்டால் தெரியும். அப்பா ஜட்கா குதிரைக்கு லாடம் கட்டியவர், இவர் பெங்களூரு லாயங்களில் இருபது வருடம் இருந்து கற்றவர். அங்கெல்லாம் லாடம் கட்டுகிறவரை நால்பந்த் என்பார்களாம்.

போனில் பேசியபோதே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது, ஏனென்றால் அவர் என்ன அளவு என்று கேட்கவில்லை, எக்ஸ்ரே படத்தை அனுப்பச் சொன்னார். "தம்பி, படம் பார்க்காம நான் ஆணி அடிக்க மாட்டேனுங்க" என்றார். வருவதற்குப் பதினொரு நாள் ஆகும், அதுவரை கொட்டகையில் முக்கால் அடி ஆழத்துக்கு ஆற்று மணல் போட்டு வையுங்கள், எந்த இடத்தில் பாரம் கொடுத்தால் வலி குறைகிறது என்று குதிரையே மணலில் கண்டுபிடித்துக்கொள்ளும் என்றார். அப்படியே நடந்தது. முன் நுனியை மணலில் புதைத்துக் குதிகாலை ஏற்றிக்கொண்டு நின்றது.

பொங்கல் கழிந்து நான்காம் நாள் வந்தார். டாட்டா ஏஸ் வண்டியில் உலை, பேட்டரியில் ஓடும் ப்ளோயர், மரக்கட்டையில் பதித்த பட்டறைக்கல், ஒரு மூட்டைக் கரி. நான் வண்டி மாட்டுக்கு லாடம் கட்டுவதைப் பார்த்து வளர்ந்தவன். மாட்டைக் கயிறு போட்டுச் சாய்த்து, நாலு காலையும் சேர்த்துக் கட்டி, பிளவுக் குளம்பு என்பதால் காலுக்கு இரண்டாக எட்டுத் தகட்டையும் மளமளவென்று அடித்துவிட்டு அடுத்த மாட்டுக்குப் போய்விடுவார்கள். இங்கே முதல் ஒரு மணி நேரம் இரும்பையே தொடவில்லை. செவலை நிற்பதைப் பார்த்தார், மணலிலிருந்து நான்கு எட்டு நடக்க வைத்துப் பார்த்தார், உள்ளங்குளம்பில் குறடு மாதிரி ஒரு கருவியை வைத்து இடம் இடமாக அழுத்தி எங்கே சுருக்கென்று இழுக்கிறது என்று பார்த்தார். பிறகு குளம்பின் நடுவில் ரப்பர் போல முக்கோணமாக இருக்குமே, ஃப்ராக் என்பார்கள், அதன் மேல் இரண்டு கட்டைவிரலையும் வைத்து அழுத்தினார். செவலை காலை இழுக்கவில்லை. "இங்க தாங்குது, இனி அடிக்கலாம்" என்றார். ஹார்ட் பார் லாடத்தின் சூட்சுமமே இதுதான். சாதாரண லாடம் சுவரில் மட்டும் பாரத்தைப் போடும், சுவரோ எலும்பை விட்டுப் பிரிந்து கிடக்கிறது. அதனால் இரண்டு குதிகால் முனைகளையும் சேர்த்து நடுவில் ஒரு முக்கோண நாக்கு வைத்து, பாரத்தில் ஒரு பங்கை ஃப்ராக் வழியாக எலும்புக்கு அடியில் கொண்டுபோய்த் தாங்குகிறார்கள். மேலிருந்து பார்த்தால் இதய வடிவம். நாக்கு ஒரு நூல் முன்னால் போனாலும் எலும்பின் முனைக்கு நேர் கீழே குத்தும், பின்னால் போனால் பிரயோசனமில்லை.

குளம்பைச் சீவியது தனி வேலை. எக்ஸ்ரே படத்தைப் போனில் திறந்து திண்ணையில் சாய்த்து வைத்துவிட்டு, குதிகாலை எவ்வளவு இறக்குவது, நுனியை எவ்வளவு பின்னுக்கு எடுப்பது என்று படத்தையும் காலையும் மாறி மாறிப் பார்த்துத்தான் அரம் ஓடியது. ஒரு காலைத் தூக்கினால் மொத்த பாரமும் வலிக்கிற இன்னொரு காலில் இறங்குமே, அதற்கு அடியில் தடித்த ஃபோம் துண்டு ஒன்றை வைத்தார், அப்படியும் இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை காலைக் கீழே விட்டு ஓய்வு கொடுத்தார். நான் பார்த்த லாடக்காரர்களில் யாரும் இப்படிச் செய்ததில்லை. செவலை அன்று ஒரு முறைகூடக் கடிக்கப் போகவில்லை, உதைக்கவில்லை.

அப்புறம் உலை. இருபதுக்கு எட்டு எம்மெம் இரும்பு ஃப்ளாட்டைக் குளம்பின் அகலத்தை வைத்துக் கணக்குப் போட்டு வெட்டினார். நுனி வளைவை முதல் சூட்டிலேயே அடித்துவிட்டார், பிறகு ஒரு பக்கம், மறு பக்கம், நடுவில் நடுவில் தாளில் வரைந்து வைத்திருந்த குளம்பின் வடிவத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். நாக்கைத் தனித் துண்டில் அடித்தார். அதைக் குதிகால் முனைகளோடு சேர்ப்பதுதான் கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டிய இடம். கரண்ட் வெல்டிங் வைத்தாலும் தப்பில்லை, ஆனால் உலையிலேயே ஒட்டினால் மேடு தட்டாது, ஃப்ராக்கில் உறுத்தாது என்றார். சேருமிடத்தில் வெண்காரம் தூவி, இரும்பு சிவப்பு தாண்டி, ஆரஞ்சு தாண்டி, வெளிர் மஞ்சளாகி, மேலே எண்ணெய் தடவியது போல் மினுங்கும் வரை விட்டார். 1,200 டிகிரிக்கு மேல் இருக்கும், இன்னும் கொஞ்சம் விட்டால் மத்தாப்பு மாதிரி பொறி பறந்து இரும்பு எரிந்துவிடும். எடுத்ததும் பட்டறைக்கல்லில் வைத்து மெல்ல நாலு அடி, பிறகு பலமாக. இடது லாடத்தில் ஒரு பக்கம் ஒட்டவில்லை. தலைமயிர் அளவுக்கு ஒரு கோடு தெரிந்தது, நான் கவனித்திருக்கவே மாட்டேன். பாய் அதை ஓரமாகப் போட்டுவிட்டு, வேறு ஃப்ளாட் வெட்டி முதலிலிருந்து ஆரம்பித்தார், அதற்குத் தனியாகக் காசும் கேட்கவில்லை. இந்த விமர்சனத்தை எழுத உட்கார்ந்ததே அந்த ஒரு காரியத்துக்காகத்தான்.

நுனியை உருட்டி விட்டிருந்தார், காலை எடுத்து வைக்கும்போது சுலபமாக உருண்டு எழும்ப வேண்டும், அந்தத் தசைநாணின் இழுப்பும் குறைய வேண்டும் என்று. சூட்டோடு குளம்பில் பொருத்திப் பார்க்கும்போது வழக்கமாக முடி கருகும் வாடையோடு புகை கிளம்பும், வலிக்காது, செத்த நகம்தானே. இங்கே உள்ளங்குளம்பு மெலிந்திருந்ததால் ஒரே ஒரு நொடி தொட்டு எடுத்தார், அடையாளத்துக்கு மட்டும். ஆணி பக்கத்துக்கு மூன்று, நுனிப் பக்கம் ஒன்றுகூட இல்லை. சின்னச் சின்னத் தட்டாகத் தட்டி இறக்கினார், ஒவ்வொரு ஆணிக்கும் செவலையின் காதைப் பார்த்துக்கொண்டே.

இரண்டு காலும் முடிய ஆறு மணி நேரம் ஆனது. அன்று மாலை மணலை விட்டு வெளியே வந்து தண்ணீர்த் தொட்டி வரை நடந்தது. துள்ளவில்லை, ஓடவில்லை. அவ்வளவு நாளும் வாளியைக் கொண்டுபோய்க் கொட்டகைக்குள் வைத்துக்கொண்டிருந்த எங்களுக்கு அதுவே போதும்.

செலவு: இரண்டு லாடத்துக்கு 7,000 ரூபாய், வண்டி வாடகை 1,500. வழக்கமாக நான்கு காலுக்கும் சேர்த்தே 1,600தான் கொடுத்துக்கொண்டிருந்தேன், அதனால் கேட்டதும் கொஞ்சம் யோசித்தேன், அந்த ஆறு மணி நேரத்தைப் பார்த்த பிறகு யோசனை இல்லை. மறுபடி சீவி அதே லாடத்தைத் திருத்திப் போட ஒவ்வொரு முறையும் 1,800. எக்ஸ்ரே, மருந்து தனி.

குறையும் சொல்ல வேண்டும். ஒற்றைக் குதிரைக்காக வர மாட்டார், அந்த வழியில் நாலைந்து வேலை சேர்ந்தால்தான் வருவார், போனும் பாதி நேரம் எடுக்க மாட்டார். நல்ல காலுக்குப் பரவாயில்லை, இந்த லாடத்துக்கு ஆகாது. குளம்பு மாதத்துக்கு எட்டு ஒன்பது எம்மெம் வளர்ந்து முன்னால் போகும், லாடமும் கூடவே போகும், நாக்கு இருக்க வேண்டிய இடத்தைத் தாண்டிவிடும். அவரே ஐந்து வாரம் என்று சொல்லிவிட்டு முதல் முறை ஏழாவது வாரம்தான் வந்தார், கடைசி பத்து நாள் செவலை மறுபடியும் இடது காலைத் தாங்கித் தாங்கி வைத்தது. அவர் வந்து நாக்கைச் சரிசெய்த மறுநாளே தெளிந்தது, ஆனால் அந்தப் பத்து நாள் தேவையில்லாத வலி. இன்னொன்று, குளம்பின் அளவு வரைந்த தாளை அவரே எடுத்துப் போய்விடுகிறார். ஒரு நகல் நம்மிடம் இருந்தால் அவசரத்துக்கு வேறொருவராவது பார்க்கலாம், இரண்டாம் முறை நான் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டேன், நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள்.

யாருக்குச் சிபாரிசு செய்வேன்? மருத்துவர் பார்த்து, எக்ஸ்ரே எடுத்து, லாடம் வேண்டும் என்று சொன்னவர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். சவாரிக் குதிரைக்குச் சாதாரண லாடம் வேண்டும் என்றால் உங்கள் ஊரில் கட்டுகிறவரே போதும், இவருடைய நேரத்தை வீணாக்காதீர்கள். லாடம் போட்டதும் மறுவாரம் ரேக்ளாவில் பூட்டலாம் என்று நினைப்பவர்கள் கூப்பிடவே வேண்டாம், அவர் திட்டுவார், திட்டுவதும் நியாயம். புதுக் குளம்பு மேலிருந்து நுனி வரை இறங்க ஒன்பது மாதத்திலிருந்து ஒரு வருடம் ஆகும், அதுவரை எங்கள் சேணம் பரணில்தான்.

இப்போது நான்கு மாதம். மயிர்க்கோட்டுக்குக் கீழே மூன்றரை சென்டிமீட்டர் அளவுக்குப் புதுக் குளம்பு எலும்புக்கு இணையாக நேராக இறங்கியிருக்கிறது, அதற்குக் கீழே பழையது கோணலாக நிற்பது பார்த்தாலே தெரியும். தினமும் காலையில் விரலை வைத்து அந்த எல்லையைத் தடவிப் பார்க்கிறேன். வைகாசியில் மறுபடியும் எக்ஸ்ரே எடுத்தோம், இடது ஏழு டிகிரி மூன்றாகக் குறைந்திருக்கிறது.

அடுத்த முறை லாடம் திருத்துவது ஆனி முதல் வாரம். பக்கத்துத் தோட்டத்தில் இரண்டு நொக்ரா, வெள்ளைக் குதிரைகள், நிற்கின்றன, அவற்றையும் சேர்த்துப் பாயிடம் சொல்லி வைத்திருக்கிறேன், மூன்று குதிரை என்றால் நாள் தள்ளாமல் வந்துவிடுகிறேன் என்றிருக்கிறார்.