ரோட்டில் ஆளை இறக்காமல் அளக்க: டோட்டல் ஸ்டேஷனுடன் ஏழு வருடம்

ஒட்டன்சத்திரம் பக்கம் ரோட்டோரக் காடு ஒன்றை அளந்துகொண்டிருந்தோம். எதிர்ப்பக்கக் கல்லைப் பிடிக்க 30 மீட்டர் ஸ்டீல் டேப்பை ரோட்டுக்குக் குறுக்கே போட்டோம். வண்டி இல்லாத நேரம் பார்த்துத்தான் போட்டது. ஆனால் வளைவிலிருந்து ஒரு டிப்பர் வந்துவிட்டது. "டேப்பை விடுறா தம்பி" என்று நான் கத்தி முடிப்பதற்குள் டயர் ஏறி இழுத்துவிட்டது. பையன் உள்ளங்கையில் ஆறு தையல். அந்த மாதமே கடன் வாங்கி, நின்ற இடத்திலிருந்தே ஒளியை அனுப்பித் தூரத்தையும் கோணத்தையும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் மெஷினை எடுத்தேன்.

ஏழு வருடமாகத் தினமும் ஓடுகிறது. எனக்கு அதில் பிடித்தது, பிரிசம் (ஒளியைத் திருப்பி அனுப்ப எதிர்முனையில் வைக்கும் கண்ணாடி) இல்லாமல் அளக்கும் வசதிதான். எதிர்ச் சுவர், பாலத்தின் தூண், மின்கம்பம் எல்லாவற்றையும் இந்தப் பக்கம் நின்றபடியே எடுத்துவிடலாம். கைப்பிடிச் சுவர் இல்லாத தோட்டத்துக் கிணறு என்றால் இன்னும் நிம்மதி. முன்பெல்லாம் டேப்போடு விளிம்பில் ஒருவன் குனிந்து நிற்பான், எனக்கு வயிற்றைக் கலக்கும்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடக் கூடாது. அளக்கும்போது குறுக்கே லாரி போனால் லாரியின் தூரம் பதிவாகிவிடும். கட்டட மூலையைப் பிடித்தால் ஒளிப்புள்ளியின் பாதி பின்னால் உள்ள சுவரில் விழுந்து கணக்கு மாறும். மழையில் நனைந்த தார் ரோட்டைச் சாய்வாகப் பார்த்தால் பல நேரம் அளவே வராது. அதனால் ஒவ்வொரு புள்ளியும் இரண்டு தடவை. எல்லைக் கல்லுக்கு மட்டும் பிரிசம்தான் வைப்பேன்.

பிரிசத்திலும் ஒருமுறை அடி வாங்கியிருக்கிறேன். மாற்றிலி (தூரத்தில் கூட்டிக் கழிக்க வேண்டிய, அந்தப் பிரிசத்துக்கே உரிய திருத்த அளவு) −30 மி.மீ. உள்ள பிரிசத்தை மாட்டிவிட்டு மெஷினில் 0 என்றே விட்டுவிட்டேன். ஒவ்வொரு தூரத்திலும் 3 செ.மீ. பிழை. பொதுச்சுவர் தகராறில் அது பெரிய அளவு. மறுநாள் போய் முழுவதையும் திரும்ப அளந்தோம்.

சித்திரை வெயிலைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. 20 டிகிரிக்குச் சரிபார்த்த 30 மீட்டர் ஸ்டீல் டேப் 40 டிகிரியில் ஏறக்குறைய 7 மி.மீ. நீண்டுவிடும். மெஷினில் வெப்பநிலையை மாற்றாமல் விட்டால் 1 டிகிரிக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 1 மி.மீ. பிழைதான். அதைவிட மதியக் கானல்தான் தொல்லை, தொலைநோக்கிக்குள் தெரியும் குறுக்குக் கம்பியில் புள்ளி ஆடிக்கொண்டே இருக்கும். காலை ஆறு மணிக்கு இறங்கிப் பத்தரைக்குள் முடித்துவிடுகிறோம். அளவும் சுத்தமாக வருகிறது, பையன்களுக்கும் வெயில் மயக்கம் வருவதில்லை.

பிரிசம் கம்பம் அலுமினியம். நீட்டினால் இரண்டு ஆள் உயரம் வரும். தோட்டங்களில் மோட்டாருக்குப் போகும் கரண்ட் லைன் தாழத் தொங்கும். கம்பத்தை நட்டமாகத் தூக்கிக்கொண்டு நடக்கக் கூடாது, சுருக்கிப் படுக்கையாகத்தான் எடுத்துப் போக வேண்டும். லைனுக்கு அடியில் இருக்கும் புள்ளியைப் பிரிசம் இல்லாமல் எடுப்போம். இதை மீறுகிறவனை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். சிவப்பு லேசரை வண்டி வரும் திசையில் போட்டு வைப்பதும் இல்லை. ஓட்டுபவர் கண்ணில் பட்டால் ஆபத்து.

பழைய மெஷின் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. காலிப்ரேஷன் சான்றை மட்டும் பார்த்துக் காசு கொடுக்காதீர்கள். 50 மீட்டருக்கு மேல், முன்பே சரியாக அளந்து வைத்த தூரம் ஒன்றைப் பிரிசத்தோடும் இல்லாமலும் அங்கேயே அளந்து பாருங்கள். இரண்டும் சில மில்லிமீட்டருக்குள் ஒத்துவந்தால் மட்டும் விலை பேசுங்கள்.