பழைய பைக்குக்குப் புதிய பின்புற ஷாக் அப்சார்பர்கள்

என் பழைய பைக்கின் பின்புற ஷாக் அப்சார்பர்களில் ஆயில் கசிந்து, பள்ளத்தில் இறங்கினால் வண்டி மூன்று நான்கு முறை ஊஞ்சலாடத் தொடங்கியதால், சீல் (ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) மட்டும் மாற்றலாம் என்று கழற்றிப் பார்த்தேன். ஷாக் அப்சார்பருக்குள் சென்றுவரும் தண்டின் குரோம் பூச்சு உரிந்து, நகத்தில் தட்டுப்படும் அளவுக்குக் குழி விழுந்திருந்தது. புதிய சீல் போட்டாலும் அந்தக் குழிகளே அதைக் கிழித்துவிடும் என்பதால், இரண்டு ஷாக் அப்சார்பர்களையும் சேர்த்தே மாற்றினேன்.

மேல் துளையின் மையத்திலிருந்து கீழ்த் துளையின் மையம் வரை அளந்து, பழையதைப் போலவே 320 மி.மீ. நீளமுள்ளதை வாங்கியதால் எளிதாகப் பொருந்தியது. இருக்கையை அழுத்தி விட்டால் ஒரே முறை எழுந்து அடங்குகிறது என்பது பெரிய நிறைவு. ஸ்பிரிங் இறுக்கத்தைக் கடைசிப் படிவரை தளர்த்திய பின்னும், தனியாகச் செல்லும்போது சற்றே விறைப்பாக உள்ளது; இருவர் அமர்ந்தால் மிக அருமை.