டிராகனின் முத்தா, தகடூர் நெல்லியா?

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பள்ளிகளில் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் படிக்க ஒரு மாயக்கதை எழுத நினைப்பவருக்கு இரண்டு வழிகள் உண்டு. பெற்றோரை இழந்த சிறுமி அரிய பொருள் ஒன்றைத் தேடிப் புறப்படுகிறாள் என்பது இரண்டுக்கும் பொது. புறப்படும் நிலம் சீனச் சாயல் கொண்ட கற்பனை நாடா, அதியமானின் தகடூராக இருந்த இதே மண்ணா என்பதுதான் கேள்வி.

முதல் வழியில் ஓட்டம் அதிகம். சீன மரபின் டிராகன் மழைக்கும் ஆற்றுக்கும் கடலுக்கும் உரிய தெய்வம் என்பதால், வறண்ட ஊரின் சிறுமி அதன் முத்தைத் தேடிப் போவதற்குத் தனிக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. மழைக்கு வானம் பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு அது உடனே புரியும். ஆனால் சிவப்பு விளக்கும் மூங்கில் காடும் பட்டாடையும் கலந்து, எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத அலங்காரமாகக் கதை நின்றுவிடுவதையே அதிகம் பார்க்கிறோம். முத்து கிடைத்ததும் மழை பெய்கிறது; அதோடு சரி.

நெல்லியின் கதை வேறு. நெடுநாள் வாழவைக்கும் அந்தக் கனியை, எட்டாத மலைப்பிளவிலிருந்து அரிதாகப் பெற்ற அதியமான், அதன் பயனைச் சொல்லாமலே ஔவைக்குக் கொடுத்துவிட்டான். இங்கே கனி கைக்கு வந்த பிறகுதான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது. மாயப்பொருளுக்கு இதைவிடக் கூர்மையான பயன்பாட்டைக் கற்பனை செய்வது கடினம்.

இந்த வழியின் இடர் சிறுமியிடம் இருக்கிறது. கற்பனை நாட்டு அநாதை எங்கும் போகலாம், நம்மூரிலோ தாய் தந்தை இல்லாத பெண்ணைச் சித்தியோ அத்தையோ வீட்டுக்கு அழைத்துக்கொள்வார்கள், அவள் பென்னாகரம் சாலையில் தனியே நடந்தால் முதல் டீக்கடையிலேயே "யார் வீட்டுப் புள்ளம்மா நீ?" என்று நிறுத்திவிடுவார்கள். இதற்கு விடையாக, சண்டையில் இறந்த வீரர்களின் நினைவாக நட்ட நடுகற்கள் உதவும் என்று நினைக்கிறேன். தருமபுரி அரசு அருங்காட்சியகத்துக்குப் போனால் வில்லும் வாளும் ஏந்தி, சில இடங்களில் உடலில் அம்பு தைத்து நிற்கும் அந்த வீரர்களைப் பார்க்கலாம். மன்னனின் ஆட்சியாண்டையும் இறந்தவனின் பெயரையும் வட்டெழுத்து என்னும் பழைய தமிழ் எழுத்தில் சொல்லும் கற்கள் இப்பகுதியில் உண்டு. அந்த எழுத்தைப் படிக்கக் கற்ற சிறுமிக்கு ஒவ்வொரு கல்லும் அடுத்த கல்லுக்கு வழி சொன்னால், வரைபடமும் மந்திரக்கோலும் தேவையில்லை.

என் தேர்வு நெல்லி. ஓட்டத்தை மட்டும் டிராகன் கதையிடம் கடன் வாங்கி, இரண்டாம் அத்தியாயத்துக்குள் சிறுமியை முதல் நடுகல்லின் முன் நிறுத்திவிட வேண்டும். கனியை யாரிடம் கொடுக்கப் போகிறாள் என்பதை எழுத்தாளர் முதல் வரிக்கு முன்பே முடிவுசெய்திருப்பது நல்லது. சித்தி என்றால், சித்தியைத் தொடக்கத்தில் கொடுமைக்காரியாகக் காட்டிவிடக் கூடாது.